ராசாவின் குளமும் கடைசி வயலும்

எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் இன்னும் சஹன் வைத்துத்தான் சாப்பாடு. அகன்ற தட்டொன்றில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியையும் சுற்றிவரக் கறிகளையும் வைத்து, ஆறு பேர் கூடியிருந்து உண்பார்கள். முன்வரிசைச் சஹனில் இடம் பிடிக்க ஆண்கள் பக்கம் நடக்கும் இடிபாட்டைப் பெண்கள் நாங்கள் அடுப்படியில் நின்று பார்த்துச் சிரிப்பதுண்டு. பக்கத்து வளவு மாமா மட்டும் அந்த இடிபாட்டுக்குள் போகமாட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பந்தலின் கடைக்கோடிக்கு நடப்பார். கடைசிச் சஹன் எதுவென்று பார்த்து அதில் உட்காருவார்.

பணிவு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கள் சாச்சியின் மகளின் கலியாணத்தன்று அவர் பாதிச் சாப்பாட்டில் எழும்பி, கைகூடக் கழுவாமல் அடுப்படிக்கு வந்து நின்றார். விரல்களுக்கு இடையில் ஓர் எலும்பு இருந்தது.

"கடைசிச் சஹனுக்கு வந்தது இதுதான். இஞ்சரிந்து போகக்குள்ள இறைச்சி இரிந்ததா இல்லியா?"

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் காக்கா வச்சன்," என்றார் சமையல்காரர். வயதில் மூத்த ஆண்களை எங்கள் ஊரில் காக்கா என்பார்கள்.

"அப்ப நடுவில ஆரோ அள்ளிட்டாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஒவ்வொரு சஹனாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு சஹனுக்குள் இரண்டு சஹன் இறைச்சி இருந்ததைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்று சத்தம் போட்டார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அது பணிவில்லை, மேற்பார்வை.

அவர் எங்கள் பக்கத்து வளவுக்காரர். இரத்தச் சொந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு அவர் மாமா, அவர் மனைவி மாமி. கல்முனைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல்வெளியில் எங்கள் பக்கத்து வயற்கண்டங்களுக்கு அவர்தான் வட்டவிதானை. விவசாயிகள் கூடித் தெரிந்தெடுக்கிற ஆள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் யாருக்கு எப்போது எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. கட்டையான உருவம். சாரன் எப்போதும் முழங்காலுக்கு மேல் மடிந்திருக்கும். கால்விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். மம்பட்டியை அவர் அதிகம் தொட்டு நான் பார்த்ததில்லை. வரம்பில் நடந்துகொண்டே வலது காலால் ஒரு தள்ளு தள்ளுவார், மண் விலகும், தண்ணீர் போகும். இடது காலால் ஒரு அணை அணைப்பார், தண்ணீர் நிற்கும். வரம்பில் தண்ணீர் போகிற அந்த வாயைத்தான் எங்கள் பக்கம் வக்கடை என்போம்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. எதைக் கண்டாலும் அதைத்தான் கேட்பார்.

"இது போய் எங்க முடியுது?"

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த நாளில் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து கைதட்டிக்கொண்டிருக்க, அவர் சைக்கிளில் ஏறிக் கடற்கரைக்குப் போனார். அங்கே கடைசி வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கட பைப்பத் திறங்க, பாப்பம்," என்றார். அந்த வீட்டு மீனவர் இவரை அதிகாரி என்று நினைத்து உட்காரக் கதிரை எடுத்துப் போட்டாராம்.

எனக்கு அம்பாறையில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை கிடைத்தபோதும் கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும். தமிழில் வரும் கடிதங்களைச் சிங்களத்தில் மாற்றி எழுதுவதுதான் அங்கே என் வேலை.

"நீ மாத்தி எழுதுற கடிதம் போய் எங்க முடியுது மகள்?"

"பெரியவரிட மேசைக்கு மாமா."

"அங்கரிந்து?"

"அலுமாரிக்கு."

"மறுகா?"

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்துக்காக உம்மா செய்து கொடுத்த தொதல் இனிப்பில் ஒரு துண்டை வாயில் போட்டு, அதை மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அந்தக் கடிதங்களுக்காக அவ்வளவு கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

இதையெல்லாம் கேட்டால் அவர் பெரிய நியாயவான் என்று தோன்றும். மாமியிடம் கேட்டால் வேறு கதை வரும். எங்கள் ஊரில் வீடும் வயலும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மாமிக்கு வாப்பா கொடுத்த இரண்டு ஏக்கர், வாய்க்கால் தலைப்பிலேயே கிடக்கிறது. மதகு திறந்தால் முதலில் தண்ணீர் காண்கிற வயல். வட்டவிதானை ஆன முதல் வருஷமே அவர் ஒரு சட்டம் போட்டார். தண்ணீர் பங்கிடுகிறவன் வீட்டு வயல் கடைசியில்தான் குடிக்க வேண்டும். மழையில்லாத கோடையில் செய்யும் சிறுபோகம் ஒன்றில், கடைசி முறை வருவதற்குள் குளத்தில் தண்ணீர் முடிந்துவிட்டது. கடைக்கோடி வயல்கள் விளைந்தன. வாய்க்கால் கரையிலேயே கிடந்த மாமியின் வயல் கருகியது.

"ஊருக்கெல்லாம் தண்ணி, என்ட வயலுக்கு வெடிப்பு," என்பார் மாமி. "அவர்ட வாப்பாட வயலா இது? என்ட வாப்பாட வயல். கடைசில குடி எண்டு சொல்ல இவர் ஆரு?"

மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். மாமி சொல்வதில் பிழை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் சிகிரியாவுக்குப் போனது ஒரு டிசம்பர் விடுமுறையில். எங்கள் தெருவில் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து பஸ் பிடித்தோம். ஒழுங்கு செய்தது என் கணவர். விடியற்காலைச் சுபஹுத் தொழுதுவிட்டு, இடியப்பமும் சம்பலும் ஒரு பக்கம், பகல் சோற்றுச் சட்டிகள் ஒரு பக்கமாக ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மாமா எங்கேயும் பயணம் வராதவர். அந்த முறை தானாகக் கேட்டு வந்தார்.

"மாரி காலத்தில எனக்கு வேலையில்ல மகள். இப்ப பங்கிடுறது அல்லாஹ். அவன்ட கணக்கில நடுவில ஆரும் அள்ள ஏலா."

வழி முழுக்க ஜன்னலோரம் இருந்தார். வாழைச்சேனைப் பாலம், பொலனறுவைக் குளம், ஒவ்வொன்றுக்கும் எழும்பி மற்றப் பக்கத்து ஜன்னலுக்குப் போய் அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வந்தார். சாரதி இரண்டு முறை கோபித்தார்.

சிகிரியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லாரும் நிமிர்ந்து பாறையைப் பார்த்தார்கள். அப்படித்தான் யாரும் பார்ப்பார்கள். தட்டையான காட்டுக்கு நடுவில் அவ்வளவு பெரிய ஒற்றைப் பாறை, அதன் உச்சியில் ஒரு அரசனின் மாளிகை. என் கணவர் போனில் படித்துச் சரித்திரம் சொன்னார். தகப்பனைக் கொன்ற மகன், தம்பிக்குப் பயந்து பாறைக்கு மேல் ஏறி அரண்மனை கட்டிய கதை. மாமா நிமிரவில்லை. அகழியின் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, மேல வாங்க. ராசா இரிந்த இடத்தப் பாக்க வேணாமா?" என்றார் என் கணவர்.

"ராசா மேல இரிந்தா அவர்ட தண்ணி கீழதானே இரிக்கும். நீங்க போய்ட்டு வாங்க."

மாமிக்கு முழங்கால் ஏலாது. எனக்குப் படி என்றால் தலை சுற்றும். மூன்று பேரும் கீழே நின்றோம். மற்றவர்கள் போனபிறகு, சோற்றுச் சட்டிகளுக்குக் காவலாக மாமி மர நிழலில் அமர்ந்தார். சட்டிகளைவிடக் குரங்குகளைத்தான் அவர் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மாமாவோடு நடந்தேன். நானும் பாறையடியில் கிடக்கும் அந்த அரசத் தோட்டத்தை முன்பு இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன், பார்த்ததில்லை. பாறைக்கு நேராகப் போகும் பாதையின் இரு பக்கமும் ஒன்று போலவே இருந்தன. இந்தப் பக்கம் ஒரு குளம் என்றால் அந்தப் பக்கமும் அதே அளவில் ஒரு குளம். செங்கல் கட்டிய கரைகள், குளத்துக்கு நடுவில் தீவு, இறங்கப் படிகள். கொஞ்சம் தள்ளி, கல் பதித்த ஒடுங்கிய ஓடைகள் நெளிந்து போயின. வட்டக் கல்லில் துளைகள் போட்டிருந்தார்கள். மழை பலமாக இருந்தால் அந்தத் துளைகளால் இன்றைக்கும் தண்ணீர் பீறிடும் என்று பலகையில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"கரண்ட் இல்லாம?"

"இல்லாமத்தான் மாமா. உயரத்திலரிந்து நிலத்துக்குக் கீழால வருதாம்."

அவர் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையைத் துளைகள் மேல் வைத்துப் பார்த்தார். நேரம் போவது தெரியவில்லை எனக்கு. ஒரு காய்ந்த இலையை ஓடையில் போட்டார். இலை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். வளைவில் இலை நின்றால் அவரும் நிற்பார், இலை திரும்பினால் இவரும் திரும்புவார். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்திய தோட்டத்தில் ஒரு வயதானவர் இலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் இருவர் எங்களைப் படம் எடுத்தார்கள்.

தோட்டத்தின் ஒரு மூலையில் இலை நின்றேவிட்டது. முதல் நாள் மழைக்கு அடித்து வந்த சருகும் சேறும் தண்ணீர் வெளியேறும் வாயை அடைத்திருந்தன. நீர் போக வழியில்லாமல் நிறைந்து நின்று, செங்கல் கரையின் ஒரு இடத்தில் மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒன்றையும் காணவில்லை. அவர் காட்டியபிறகுதான் தெரிந்தது.

"பாத்தியா, கரைக்கு அடியால அரிக்குது," என்றார்.

சொல்லி முடிக்கவில்லை. வலது கால் போய்விட்டது. ஒரு தள்ளு. நான் தடுக்க வாய் திறப்பதற்குள் சருகுக் குவியல் விலகி, சேற்றுத் தண்ணீர் பாதையில் பாய்ந்து, எங்களைப் படம் எடுத்தவர்களின் கால்களையும் சப்பாத்துகளையும் நனைத்தது.

விசில் சத்தம் கேட்டது.

எங்களைப் போன்றவர்கள், எங்கள் பெயர்களோடும் எங்கள் உடுப்போடும், இப்படி ஒரு பழைய இடத்தில் எதையாவது கால் வைத்துத் தள்ளினால் அது சின்ன விஷயமாக நிற்கும் காலமில்லை அது. அடுத்த நாள் யாருடைய போனிலாவது படமாக ஓடும். கீழே என்னென்ன எழுதுவார்கள் என்பதும் தெரியும். பஸ்ஸில் வந்த ஒன்பது குடும்பங்களும் பதில் சொல்ல வேண்டி வரும். என் கணவருக்குப் போன் எடுத்தேன். பாறையில் சிக்னல் இல்லை.

காவலர் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார். மேசைக்குப் பின்னால் சீருடையில் ஒரு அதிகாரி, முப்பது வயதிருக்கும். முன்னால் பெயர் பதிகிற ஒரு தடித்த கொப்பி. அவர் கத்தவில்லை. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, இவர் ஏன் அப்படிச் செய்தார் என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். வேண்டுமென்று செய்திருந்தால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டி வரும் என்றும் சொன்னார்.

மாமி சட்டிகளையும் குரங்குகளையும் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். என் பின்னால் நின்று என் முழங்கையைக் கிள்ளினார்.

"கால் வழுக்கினது எண்டு சொல்லு புள்ள. அல்லாஹ்வுக்காகச் சொல்லு."

மாமாவோ நிதானமாகக் கதைத்தார். "சொல்லு மகள், நான்தான் திறந்தன். அந்த வாய் உள்ளுக்கு இன்னும் அடைச்சிக் கிடக்கு. மேலரிந்து வாற தண்ணிக்குப் போக இடமில்ல. ரெண்டாவது படிக்கிப் பக்கத்தில கரைக்குக் கீழால அரிக்கத் தொடங்கிட்டு. இன்னும் ரெண்டு மழை பெஞ்சா அந்தக் கரை இறங்கும். கல்லு போனா மறுகா இந்தக் கல்லு எங்க எடுக்கிற? நான் ஒண்டையும் உடைக்கல்ல, சருகத்தான் தள்ளினன். தொடக் கூடாது எண்டா அது என்ட பிழை. ஆனா அந்த வாயத் துப்பரவாக்கச் சொல்லு."

அவ்வளவையும் அவர் சொன்னார். நான் அதிகாரியிடம் சிங்களத்தில், வயதானவர், கண் சரியாகத் தெரியாது, கால் வழுக்கிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அதிகாரி கொப்பியை மூடப் போனார். ஆனால் மாமா என் முகத்தைப் பார்த்தார், பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். எழும்பினார். வெளியே நடந்தார். அதிகாரியைக் கையால் கூப்பிட்டார், வாங்க வாங்க என்று. அதிகாரி திகைத்துப்போய்ப் பின்னால் போனார். நாங்களும் ஓடினோம்.

அந்த மூலைக்குப் போய், கண் தெரியாதவர் என்று நான் சொன்ன மனிதர், ஒரு சாண் அகலமான செங்கல் கரையில் ஆடாமல் அசையாமல் நேரே நடந்து காட்டினார். சருகு கிடந்த இடத்துக்கு மேலே, தொடாமல், வலது காலை வைத்து எப்படித் தள்ளினேன் என்று செய்து காட்டினார். பிறகு குந்தி, தண்ணீர் கீழே இறங்கும் இடத்தை விரலால் காட்டினார்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. இவர் உண்மையில் என்ன சொன்னார், அதைச் சொல்லுங்கள் என்றார். மாமி அழத் தொடங்கிவிட்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை. மாமா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். தொடக் கூடாது என்றால் அது என் பிழை என்பதையும் சொன்னேன்.

அதிகாரி யோசித்தார். தோட்டத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான சிங்களத் தொழிலாளியைக் கூப்பிட்டார். அந்த மனிதர் வந்து மாமாவுக்குப் பக்கத்தில் குந்தினார். அவர் விரலை விட்டுச் செங்கல் இடுக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு அடைபட்டிருந்த வாயைக் காட்டி, "வக்கட," என்றார். எங்கள் வக்கடைக்கு அவர்களும் ஏறக்குறைய அதே சொல்தான் சொல்கிறார்கள். மாமா தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

தொழிலாளி அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னார், இந்த ஆள் சொல்வது சரி, இன்றைக்கே அள்ள வேண்டும் என்று.

அதிகாரி பாராட்டவில்லை. கொப்பியில் பெயரும் முகவரியும் எழுதினார். இனி எதையும் தொட வேண்டாம், கண்டால் சொல்லுங்கள், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். நானாக இருந்தால் அந்த இடத்தை விட்டுப் பறந்திருப்பேன். மாமா நகரவில்லை.

"மகள், அந்த மனிசனிட்டக் கேளு. இந்தத் தண்ணி போய் எங்க முடியுது?"

கேட்டேன். தொழிலாளி கையை நீட்டிக் காட்டிக் காட்டிச் சொன்னார். இங்கிருந்து அகழிக்கு, மழைக்கு அகழி நிறைந்தால் அந்தக் காட்டுக்கு அப்பால் ஒரு சின்னக் குளத்துக்கு, அங்கிருந்து அவர்களுடைய கிராமத்து வயலுக்கு. கடைசி வயல் அவருடைய தங்கையினுடையது. சிறுபோகத்தில் அங்கே வந்து சேராது என்றார்.

மாமா நிமிர்ந்து முதல் முறையாகப் பாறையை உச்சி வரைக்கும் பார்த்தார்.

"அப்ப ராசாட தண்ணியும் கடைசி வயலுக்குப் போகல்ல," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் எல்லாரும் மேலே கண்ட சிங்கப் பாதத்தையும் சுவரில் தீட்டிய பெண்களையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா எனக்கு முன் இருக்கையிலிருந்து திரும்பினார்.

"மகள், நான் தலைப்பில உட்டது ஒரு வாய்க்கால் தண்ணி. அந்த அதிகாரிப் பொடியன்ட காதுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு சிரட்டைத் தண்ணி. நடுவில ஆரு திருப்பின?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "மாமாக்குச் சிங்களம் விளங்கினதா?"

"விளங்கல்ல. அளவு தெரியாதா எனக்கு? இத்தின வருஷமா வேற என்ன வேல செஞ்ச நான்? அதான் எழும்பிப் போய்க் காட்டின."

"உள்ளுக்குப் போட்டிருந்தா என்ன செய்வீங்க? மாமி என்ன செய்வா?"

"போட்டா நான் செஞ்சதுக்குப் போடுவாங்க. வழுக்கி உழுந்தவன் எண்டு மன்னிச்சு உட்டிருந்தா, அந்த ஊத்தைய ஆரு அள்ளுற?"

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. ஒன்பது குடும்பத்தையும் ஒரு சருகுக் குவியலுக்காகப் பணயம் வைத்தார் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது. யாராவது ஒரு கிழவி மனுவோடு நேரில் வந்து, ஆடு காணாமல் போனதிலிருந்து தொடங்கி வீட்டுக் கூரைக்கு வந்தால், ஆட்டையும் சேர்த்தே சிங்களத்தில் சொல்கிறேன். பெரியவர் எரிச்சல்படுகிறார். படட்டும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பகலில் மாமி எனக்குப் போன் எடுத்தார். அம்பாறை ஆஸ்பத்திரியில் நிற்கிறோம், டொக்டர் கதைப்பது விளங்கவில்லை, கொஞ்சம் வந்துவிட்டுப் போ என்றார். மாமா மூன்று மாதமாக வயிற்று நோவென்று படுத்திருந்தது தெரியும். மாமியே கறுத்துப்போய் நின்றார். மாமா கட்டிலில் காலை நீட்டியிருந்தார். சேறு காணாத அந்தப் பாதங்கள் வெளுத்து, வேறு யாருடைய கால்களோ என்று இருந்தன.

டொக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி என்னிடம் சொன்னார். ஈரலில் கட்டி, வேறு இடங்களுக்கும் போய்விட்டது, வெட்ட முடியாது. நோவுக்கு மருந்து தரலாம். சில மாதங்கள்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி என் பின்னால் வந்து நின்றதை உணர்ந்தேன். அதே முழங்கையில் அதே கிள்ளு.

"நான் கேட்டதாக் கேளு மகள்," என்றார் மாமா. "இது போய் எங்க முடியுது?"

காற்று என்று சொல்லலாம், புண் என்று சொல்லலாம், மருந்து குடித்தால் மாறும் என்று சொல்லலாம். மாமியின் நகம் தோலுக்குள் இறங்கியது. மாமா என் வாயைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். டொக்டர் சொன்னது எவ்வளவோ அவ்வளவையும் சொன்னேன். மாதக் கணக்கையும் சொன்னேன்.

மாமி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மாமா கண்ணை மூடி ஏதோ ஓதினார். பிறகு திறந்தார்.

"சரி. முழுசா வந்து சேர்ந்திட்டு," என்றார். "மகள், இனி வட்டவிதானையா ஆரு வந்தாலும் நீ போய்ச் சொல்லணும். மாமிட வயல் கடைசி முறையில இல்ல. அது தலைப்பில கிடக்கு, தலைப்பிலேயே குடிக்கட்டும். கடைசி எண்டது என்ட முறை. அவட முறையில்ல. நான் பிழையாப் பங்கிட்டிட்டன்."

"இப்பவா தெரிஞ்ச?" என்று மாமி தரையிலிருந்து கத்தினார். "இப்பவா மனிசன், இப்பவா தெரிஞ்ச?"

டொக்டர் பயந்து என்னைப் பார்த்தார், என்ன நடக்கிறது என்று. அதையும் சிங்களத்தில் சொன்னேன். வயலில் தொடங்கி முழுவதையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு மாமா நாற்பத்திரண்டு நாள் இருந்தார். அடுத்த சிறுபோகத்துக்கு மதகு திறந்த அன்று, லீவு போட்டுவிட்டு மாமியோடு வயலுக்குப் போனேன். புதிய வட்டவிதானை, நான் போய்ச் சொன்னபடியே, மாமியின் வக்கடையை முதலில் திறந்தார். மாமி விட்டுக்கொடுக்கவில்லை, மற்றவர்கள் முந்தட்டும் என்றும் சொல்லவில்லை. வரம்பில் உட்கார்ந்து, காலிரண்டையும் ஓடி வந்த தண்ணீருக்குள் விட்டு, வயல் நிறையும் வரைக்கும் அசையாமல் இருந்தார். அழுதாரா என்று முந்தானை மறைத்ததால் தெரியவில்லை.

எனக்குத்தான் கால் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். வாய்க்கால் கரையோடு நடந்தேன். புதிய வட்டவிதானை ஒவ்வொரு வக்கடையாகத் திறந்து, வயல் நிறைந்ததும் அடைக்க அடைக்க, தண்ணீர் எனக்கு முன்னால் போனது. பொழுது சாயும் நேரம் கடைசி வயலுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஒருவர் மம்பட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அலுவலகத்துக்கு உடுக்கும் சாரியைச் சேறாக்கிக்கொண்டு வருகிற என்னை வினோதமாகப் பார்த்தார்.

"என்ன புள்ள, ஆரத் தேடி வந்த?"

"ஒருத்தரையும் இல்ல. தண்ணி வந்து சேர்ந்ததா எண்டு பாக்க வந்த."

அவர் குனிந்து வக்கடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காய்ந்த மண்ணை நனைத்துக்கொண்டு, விரல் தடிப்பில், அது வந்துகொண்டிருந்தது.